நாலு வயசுல நீங்க எப்படி?

"கடிச்சீங்களா? எங்க கடிச்சீங்க?"

"காதுல" என்றார் மீசைக்காரர். "லேசா இல்ல, நல்லாவே கடிச்சேன். ரெண்டு தையல் போட்டாங்க."

"அப்ப உங்களுக்கு என்ன வயசுண்ணே?"

"நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது. பாலர் பள்ளியில ஊஞ்சலுக்குச் சண்டை. அவன் இறங்க மாட்டேன்னான். நான் இறக்கிட்டேன்."

கேட்டவன் நோட்டில் எழுதிக்கொண்டான். அது சிறைச்சாலையின் சின்ன நூலக அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி, கம்பி போட்ட ஜன்னல் வழியே சாய்ந்து விழும் மாலை வெயில். அவன் அஞ்சல் வழியில் உளவியல் படிக்கிறான். இது கடைசி வருடம். சிறு வயதுக் குணத்துக்கும் பின்னால் செய்யும் குற்றத்துக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அவன் எடுத்துக்கொண்ட ஆய்வு. நோட்டும் கையுமாக அலைகிறவனுக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் 'புரொபசர்'.

"திருட்டு ஏதாவது?"

மீசைக்காரர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ரப்பர். மொத்தம் முப்பத்திரண்டு. கிளாஸ்ல ஒருத்தன்கிட்டயும் விட்டு வைக்கல. பிஸ்கட் டப்பாவுல போட்டு வச்சுக்கிட்டு, சும்மா எடுத்து எடுத்து மோந்து பாப்பேன். புரொபசர், பேர் மட்டும் போட்டுடாதீங்க. வீட்டுல தெரிஞ்சா மானம் போயிடும்."

"பேரே கிடையாது. நம்பர்தான்."

அடுத்தவர் கண்ணாடிக்காரர். மெல்லிய குரல், நீளமான விரல்கள்.

"என் தங்கச்சியோட பொம்மை ஒண்ணையும் நான் விட்டதில்ல. பிளேடால வயித்தக் கிழிச்சு உள்ள என்ன இருக்குன்னு பாப்பேன்."

"என்ன இருந்துச்சு?"

"பஞ்சு. ஒவ்வொரு தடவையும் பஞ்சுதான். ஆனா அடுத்ததுல வேற ஏதாவது இருக்கும்னு தோணும்."

"தங்கச்சி அழலையா?"

"அழுவா. அது எனக்கு அப்போ பெரிசாத் தெரியல."

மீசைக்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அதற்குள் கதவு திறந்தது. வந்தவரைப் பார்த்ததும் மூவரும் எழுந்து நின்றார்கள். 'பெரிய ஐயா' என்றால் அங்கே எல்லோருக்கும் ஒரு நடுக்கம். பதினெட்டு வருடமாக அந்த மதிலுக்குள் இருப்பவர். அவர் ஒரு பார்வை பார்த்தால் எந்த அடிதடியும் அடங்கிவிடும்.

"என்னையும் ஏதோ கேக்கணுமாமே?" என்று உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல பொய் சொல்லுவீங்களா ஐயா?"

"எங்க அப்பா செத்துட்டாருன்னு ஸ்கூல்ல சொல்லி அஞ்சு நாள் லீவு வாங்கினேன். அஞ்சாம் நாள் ஹெட்மாஸ்டர் துக்கம் விசாரிக்க வீட்டுக்கே வந்துட்டாரு. கதவைத் திறந்தது எங்க அப்பா."

மீசைக்காரர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன புரொபசர், முகமே சரியில்ல?"

அவன் பேனாவை மூடினான். "போன வாரம் வீட்டுக்காரி போன்ல அழுதாண்ணே. எங்க பொண்ணுக்கு நாலு வயசு. கூடப் படிக்கிற பிள்ளையோட கலர் பென்சில் டப்பாவைத் தூக்கிட்டு வந்துட்டா. கேட்டா, 'எனக்குத் தெரியாது'ன்னு சாதிச்சிருக்கா. வாங்கப் போன டீச்சரோட கையைக் கடிச்சும் வச்சிட்டா. எல்லாம் ஒரே நாள்ல. 'இது எங்க போய் முடியும்'னு கேக்குறா. நானும் புத்தகத்துல தேடினேன். அது ரெண்டு பக்கமும் பேசுது. அதான் உங்ககிட்ட வந்தேன்."

அவன் மறுபடி பேனாவைத் திறந்தான்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு. மாட்டிக்கிட்ட அன்னைக்கு, வீட்டுல யாராவது உங்களைத் 'திருட்டுப் பய', 'உருப்படாதவன்'னு பேர் வச்சுக் கூப்பிட்டாங்களா?"

"அடி வாங்கினேன்" என்றார் மீசைக்காரர். "மறுநாள் அம்மா கூடவே வந்து, முப்பத்திரண்டையும் என் கையாலேயே ஆளாளுக்குத் திருப்பிக் குடுக்க வச்சாங்க. அதோட சரி. பேரெல்லாம் வைக்கல."

கண்ணாடிக்காரர் யோசித்தார். "எங்க அப்பா ஊசி நூல் வாங்கிக் குடுத்தாரு. 'கிழிச்சவனே தச்சுக் குடு'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

"எங்க அப்பா அந்த ஹெட்மாஸ்டரை உக்கார வச்சு டீ குடுத்தாரு" என்றார் பெரிய ஐயா. "'பையனுக்குக் கற்பனை கொஞ்சம் ஜாஸ்தி சார்'னு சமாளிச்சாரு. அவர் போனப்புறம் முதுகுல ரெண்டு வச்சாரு. ஆனா ஒருநாளும் என்னைப் 'பொய்யன்'னு கூப்பிட்டதில்ல."

அவன் நோட்டில் மூன்று 'இல்லை' எழுதினான். நாலாவது கட்டத்தில் 'ஆமாம்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அது யாருடையது என்று மூவரும் கேட்கவில்லை. கண்ணாடிக்காரர் மட்டும் அவன் தோளை லேசாக அழுத்தினார்.

"முதல்ல வீட்டுக்குப் பேசுங்க" என்று சுவரில் இருந்த போனைக் காட்டினார் பெரிய ஐயா.

மறுமுனையில் மனைவி எடுத்ததும் அவன் மூச்சு விடாமல் பேசினான். "அவளை யாரும், விளையாட்டுக்குக்கூட, திருடின்னு கூப்பிடக் கூடாது. உங்க அம்மாகிட்டயும் கண்டிப்பாச் சொல்லிடு. பென்சிலை அவளே கொண்டுபோய்க் குடுக்கட்டும், நீ பக்கத்துல நில்லு. அது போதும். நம்ம பொண்ணு நல்லா வருவா."

"எப்படிங்க இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"இங்க மூணு பேர்கிட்ட விசாரிச்சேன். மூணு பேரும் அந்த வயசுல இவளைவிட மோசம்."

அவள் விம்மினாள். "ஐயோ, அவங்கெல்லாம் இப்ப எங்க இருக்காங்கன்னு பாத்தீங்களா!"

அவன் சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு, வாய்விட்டு.

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒருத்தர் இந்த ஜெயிலுக்கே டாக்டர், இன்னொருத்தர் சூப்பரிண்டெண்ட். மூணாவது ஆளு ஹெட் வார்டர். நான் பேசி முடிச்சதும் என்னை உள்ள விட்டுப் பூட்டணும்னு சாவியோட நிக்கிறாரு."