கட்டாருக்குப் போற பெட்டி

"தம்பி, இண்டைக்கும் கட்டாருக்குத்தானே போகுது?"

"ஓம் ராத்தா, கட்டாருக்குத்தான். விடியமுதல் அங்க நிக்கும்."

மேசையடியில் இருந்த சுரேகா தலையை நிமிர்த்தினாள். இன்று பின்னேரம் போகும் சரக்கு விமானத்துக்கான பத்திரங்களை இப்போதுதான் எழுதி முடித்திருந்தாள். அது போவது மாலைதீவுக்கு. அவள் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாலைதீவுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ஆட்கள் ஏறாத விமான நிலையம் அது. பரந்தனுக்கு அப்பால், வயல்வெளிக்கு நடுவே. நண்டும் இறாலும் பப்பாசியும் மட்டுந்தான் அங்கிருந்து பறந்தன.

வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஜொஹறா, கொண்டுவந்த பிளேன்ரீயைத் தராசடியில் வைத்துவிட்டு, குளிரில் மயங்கிய உயிர் நண்டுகளை அடைத்த வெள்ளைப் பெட்டியொன்றின் மேல் உள்ளங்கையைப் பதித்தாள். குளிர் அறையிலிருந்து வந்த வெண்புகை அவள் காலைச் சுற்றி மெல்ல ஊர்ந்தது.

"நண்டெல்லாம் நித்திரையோ?"

"நல்ல நித்திரை," என்றார் பெட்டிகளை நிறுக்கிற பரமலிங்கம். "நாயாற்றுக் கரையில கண்ணை மூடினது, கட்டாரிலதான் முழிக்கும். முழிச்ச உடன உங்கட ஜவ்பரைத்தான் தேடும்."

"என்ர மகன்ர ஹோட்டலுக்கும் போகுமோ?"

"போகாமல்? இந்தப் பெட்டியை அவருக்கெண்டே வைச்சனான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தி வெளிச்சத்தில் விமானம் எழும்பி, இரணைமடுத் தண்ணீருக்கு மேலால் திரும்பியது. வானமும் குளமும் ஒரே நிறமாய்க் கிடந்தன. அது பறக்கிறதா மிதக்கிறதா என்று தெரியவில்லை. வாசலில் நின்று, அது புள்ளியாகிக் கரையும்வரை பார்த்தார்கள். சுரேகாவும் தன்னை மறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஜொஹறா போனதும் சுரேகா பரமலிங்கத்திடம் வந்தாள்.

"அண்ணை, இங்கயிருந்து கட்டாருக்கு ஒரு பெட்டியும் போறேல்லையே."

பரமலிங்கம் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பிறகேன் அந்த மனுசியை ஏமாத்துறீங்கள்?"

குனிந்து தராசைத் துடைத்தார்.

"பிள்ளையை நினைச்சு ஏங்கிற தாயோட விளையாடலாமோ? உண்மை தெரிய வந்தால் அவாக்கு எவ்வளவு நோகும்? இனிமேல் இந்தப் பொய் வேண்டாம். இனியும் சொன்னால் நான் மனேஜரிட்டச் சொல்ல வேண்டி வரும்."

அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. பிழை செய்தவருக்கு என்ன கதை வரும் என்று நினைத்துக்கொண்டாள் சுரேகா. ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் பின்னேரம் ஜொஹறா வந்தாள். பிளேன்ரீயை வைத்தாள். பெட்டியில் கையை வைத்தாள்.

"இண்டைக்கும் கட்டாருக்குத்தானே தம்பி?"

பரமலிங்கம் நிமிரவில்லை. தெரியாது என்பதுபோலக் கையை விரித்துவிட்டு, குளிர் அறைக்குள் போய்விட்டார்.

பிளேன்ரீ ஆறியது. விமானம் மேலே ஏறியது. அதைப் பார்க்க அவர் வாசலுக்கு வரவில்லை.

ஜொஹறா நேரே சுரேகாவின் மேசைக்கு வந்தாள்.

"நீங்கள் தம்பிக்கு ஏதும் சொன்னனீங்களோ பிள்ளை?"

சுரேகா அவளைக் கதிரையில் இருத்தினாள். எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் தடுமாறினாள்.

"ராத்தா, குறை நினைக்காதேங்கோ. இந்தப் பெட்டியள் கட்டாருக்குப் போறேல்லை. மாலைதீவுக்குத்தான் போகுது. அண்ணை உங்களுக்கு இவ்வளவு நாளும் பொய் சொல்லிப்போட்டார்."

ஜொஹறாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும் பிள்ளை. ஜவ்பர் முதல் நாளே போனில சொல்லிச் சிரிச்சவன்."

"தெரிஞ்சுகொண்டோ ஒவ்வொரு நாளும் கேட்டனீங்கள்?"

"முதல் நாள் தெரியாமல்தான் கேட்டனான். பிறகு தெரிஞ்சுதான் கேட்டனான். நாளைக்கும் வந்து கேப்பன். நீங்கள் அவரைச் சொல்ல விடுங்கோ."

சுரேகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஜொஹறா குளிர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவிடுக்கால் வெண்புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே பெட்டிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பிக்கும் ஒரு மகன் இருந்தவன். அவுஸ்திரேலியாவுக்கெண்டு படகில போனவன். போய்ச் சேர்ந்தானோ இல்லையோ, இண்டைவரை ஒரு சேதியும் இல்லை. அதுக்குப் பிறகு அந்த மனுசன் வீட்டிலயும் கதைக்கிறேல்லையாம், இங்கயும் கதைக்கிறேல்லை. எல்லாத்துக்கும் தலையாட்டுத்தான். நீங்கள் கவனிக்கேல்லையோ?"

சுரேகா யோசித்துப் பார்த்தாள். நேற்று அவ்வளவு கேட்டும் அவர் தன்னோடு ஒரு சொல்கூடக் கதைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜொஹறா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"என்ர மகன் ஒவ்வொரு நாளும் என்னோட போனில கதைக்கிறான், பிள்ளை. அந்த மனுசன் வாய் திறந்து கதைக்கிறதும் சிரிக்கிறதும் நான் 'கட்டாருக்குத்தானே' எண்டு கேக்கிற நேரம் மட்டுந்தான்."