பாதாம் விழுது

"என்ன இது, எங்கம்மாவையே ஏமாத்தறியா?"

சமையலறை வாசலில் கணவன் நின்றான். அவள் ஒரு கையில் ட்யூப், மறு கையில் கிண்ணம். கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

"கத்தாதீங்க! டாக்டர் எழுதிக் கொடுத்த க்ரீம். முகச் சுருக்கத்துக்கு நல்லாக் கேக்கும். ட்யூபைப் பாத்தாலே கெமிக்கல்னு உங்கம்மா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. எலுமிச்சையைத் தேய்ச்சுத் தேய்ச்சு கன்னம் புண்ணானது மறந்துபோச்சா?"

"அதுக்காகப் பாதாம் விழுதுன்னு பொய் சொல்லுவியா?"

"பொய்தான். முகம் தேறியிருக்கா, இல்லையா?"

தேறித்தான் இருந்தது. அவன் வழிவிட்டு நகர்ந்தான்.

நாள் முழுக்க மருந்துக் கடையில் நின்றுவிட்டு வந்த களைப்பிலும் அவளுக்குத் தினம் சாயங்காலம் இந்தத் திருட்டு வேலை. விஷயம் மாமியாருக்குத் தெரிந்தால் போச்சு. அப்புறம் இவள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

மாமியார் ஜன்னலோர நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"வாம்மா. இன்னிக்கும் அரைச்சியா?"

"இப்பத்தான் மிக்சியில அடிச்சு எடுத்தேன் அத்தை."

நெற்றியில் ஆரம்பித்து மெதுவாகத் தடவிக்கொண்டே கன்னத்துக்கு வந்தாள். வியர்த்தது. அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறி ஓடவில்லை.

ஐயையோ! அவள் வேலையிலிருந்து வந்ததிலிருந்தே கரண்ட் இல்லை. பழக்கதோஷத்தில் வாய் உளறிவிட்டது.

விரல் அப்படியே நின்றது.

"ஏம்மா நிறுத்திட்டே?"

"அத்தை... வந்து... கரண்ட்..."

"கரண்ட் இருந்த நாள்ல மட்டும் மிக்சி ஓடுச்சாக்கும்!" மாமியார் கண்ணைத் திறக்கவே இல்லை. "எனக்குத் தோல்தான் சுருங்கியிருக்கு. காது நல்லாத்தான் கேக்குது."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"முதல்லேருந்தே தெரியுமா? அப்ப ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை. திட்டியாவது இருக்கலாமே."

மாமியார் அவள் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"உங்க மாமா போனப்புறம் என் முகத்தைத் தொடுற கை இது ஒண்ணுதான். ட்யூபுன்னு தெரியும்னு ஒத்துக்கிட்டா, 'இந்தாங்க, நீங்களே தடவிக்கோங்க'ன்னு குடுத்துட்டுப் போயிடுவியேம்மா!"