ஆபீஸ் பேச்சு கூடாது

டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெரியவரைப் பார்த்ததும், மேனேஜர் ராஜதுரை புளியோதரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். திங்கள் முதல் சனி வரை யார் வந்தாலும் நாற்காலியை விட்டு அசையாத மனுஷன் அவர்.

சிந்து, கூட வேலை பார்க்கும் புஷ்பவல்லியின் காதோரம் குனிந்தாள். "யாருக்கா இவரு?"

"ஐயா. ஏழு மாசத்துக்கு முன்னாடி இவரு வந்து சொன்னதுலேர்ந்துதான் இந்த ஏற்பாடே," என்ற புஷ்பவல்லி, ஓடிப்போய் அவர் பையை வாங்கிக்கொண்டாள்.

ஏற்பாடு இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, பெரம்பலூர் டிராக்டர் ஷோரூம் ஆட்கள் எல்லோரும் வேன் பிடித்து எங்காவது போய்ச் சேர்ந்து சாப்பிட்டு, சிரித்துவிட்டு வர வேண்டும். டார்கெட் என்று வாயைத் திறக்கிறவர் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும். இந்த மாதம் கங்கைகொண்ட சோழபுரம், கோயிலுக்கு எதிரே மரத்தடி.

சந்தேகமே இல்லை, திருச்சியில் இருக்கும் முதலாளிதான் என்று சிந்து முடிவு கட்டினாள். டவுன் பஸ்ஸில் வருவது எளிமையாம்! மனசை லேசாக்குகிறோம் என்று கூட்டிவந்து, யார் முணுமுணுக்கிறார்கள் என்று நோட்டம் பார்க்கிற வேலை.

அவள் சேர்ந்து மூன்று மாதம். நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று அடுத்த வாரம்தான் முடிவு. வீட்டுக்குப் போயும் கஸ்டமர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள், தூக்கம் போய்விட்டது, போன வாரம் ஆபீஸ் பாத்ரூமில் அழுதாள். இதெல்லாம் யாருக்கும் தெரியாது.

அவளுடைய மேஜை டிராயரில், 'பிரேம்' என்று எழுதிய காபி கப் ஒன்று கிடந்தது. யாரென்று கேட்டதற்கு, "அவரு இப்ப இல்ல சிந்து," என்று சொல்லிவிட்டு புஷ்பவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேறு வேலை பார்த்துத் தப்பித்துவிட்டார், கொடுத்து வைத்தவர் என்று சிந்துவுக்கு அன்றைக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பெரியவர் பையிலிருந்து வறுத்த முந்திரியை எடுத்து ஆளுக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டே வந்தார். கூடவே கேள்வியும். ஐஸ்கிரீம் சட்டம் அவருக்கு மட்டும் கிடையாது போலிருக்கிறது.

"முருகையா, நேத்து எத்தன மணிக்கு வூட்டுக்குப் போன?"

"ஆறரைக்கே போயிட்டேங்கய்யா."

"மேனேஜர் தம்பி, புள்ளைங்கள ரொம்ப விரட்டுறதில்லயே?"

"இல்லீங்கய்யா. இப்பல்லாம் இல்லீங்க." ராஜதுரையின் குரல் உள்ளே போயிருந்தது.

பெரியவர் சிந்துவின் முன்னால் வந்து மெதுவாக உட்கார்ந்தார்.

"புதுசா வந்த பொண்ணா? ஜன்னலோர சீட்டுதான?"

"ஆமாங்க சார்." சீட்டு வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறாரே!

"கண்ணெல்லாம் செவந்திருக்கு. வேல கஷ்டமா இருக்கா தாயி? எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு."

அந்தக் குரலைக் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டி அழுதுவிட வேண்டும் போல் அவளுக்கு இருந்தது. ஆனால் வேலை போய்விட்டால்? விழுங்கிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தாள்.

"ஒரு கஷ்டமும் இல்லீங்க சார். நல்லாத்தான் இருக்கேன்."

ராஜதுரை தலையைக் குனிந்துகொண்டார். புஷ்பவல்லி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் எழுந்து போனாள்.

பெரியவர் முந்திரியை அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"எம் மவன் பிரேமும் கடைசியா போன்ல இதத்தான் தாயி சொன்னான்."