வாந்தி வராத கண்ணாடி

பனியன் கம்பெனியில் வேலை தொடங்குமுன் சுறுசுறுப்பு வரட்டுமென்று எல்லாரும், காட்சியை நிஜம்போலக் காட்டும் விஆர் கண்ணாடி மாட்டி, மலையேறும் ஆட்டம் ஆடியே ஆகவேண்டும். ஆம்பளைகள் சிரித்தபடி கழற்றி வைப்பார்கள். கண்ணாடி ஆம்பளைகள் அளவுக்குச் செய்தது; பெண்கள்தான் தலைசுற்றி வாளியைத் தேடி ஓடுவார்கள். கனிஷ்காவும் ஓடுவாள். கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். ஆனால் இத்தனை பேர் எடுக்கும் வாந்தியில் அவளுடையதை மட்டும் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?

இன்று பெண்களுக்கென்றே புதுக் கண்ணாடி வந்திருந்தது. ஆட்டம் முடிந்தும் ஒருத்தியும் வாளியைத் தேடவில்லை.

"அப்பாடா, இப்பவாச்சும் நம்ம ஞாபகம் வந்துச்சே!" என்று தையல்காரி மிதுனா கைதட்டினாள். எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள்.

கனிஷ்கா வாயைப் பொத்திக்கொண்டு வாளிக்கு ஓடினாள். கைதட்டல் அடங்கியது.

சூப்பர்வைசரம்மா வந்து அவள் முதுகை மெல்ல நீவிவிட்டாள்.

"எத்தன மாசங் கண்ணு?"