வால் கிழிந்த மீன்

டெல்சி வேலை செய்யும் முலாம் பூசும் கம்பெனியில், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடத்தில் ஒரு மீன் தொட்டி உண்டு. சுத்திகரித்த தண்ணீரில் மீன் பிழைக்கிறது என்று அதிகாரிகளுக்குக் காட்ட வைத்தது. உண்மையில் அந்தத் தண்ணீரில் மீன் ஒருநாள்கூடத் தாங்காது. அதனால் ஆய்வு நாளில் கேன் தண்ணீர் ஊற்றிப் புது மீன் விடுவது டெல்சியின் வேலை. ஆய்வு முடிந்ததும் பழைய தண்ணீரே தொட்டிக்குள் வரும்; செத்ததை ஏரிக்குப் போகும் கால்வாயில் அவளே வீசிவிடுவாள்.

இன்று மறுபடி ஆய்வு. காலையில், போன ஆய்வுக்குப் பிறகு அவள் வீசிய வால் கிழிந்த சிவப்பு மீன் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தது.

"உயிரோடதானே இருக்குது? விடும்மா," என்றார் சூப்பர்வைசர் சுரேந்தர்.

அதிகாரி பார்த்தார், தலையாட்டினார், போனார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் புதுக் கேன் இருந்தது. சீல் உடையவில்லை. உள்ளே அதே மீன் சுற்றிச் சுற்றி வந்தது.

கேன் போடும் கோவிந்தப்பனுக்குப் போன் செய்தாள். "அண்ணா, கேன்ல மீன் இருக்குது. மாத்திக் குடுங்க."

"எல்லாக் கேன்லயும் இருக்குதும்மா. எல்லாம் ஏரித் தண்ணிதான், வேற தண்ணிக்கு நான் எங்க போவேன்? வேணாம்னா சொல்லு, பக்கத்து வீட்டுல கேக்கறாங்க."

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் ப்ரீதா, காலி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள்.