வியர்வை

பாசி வளர்க்கும் குளிரறையின் கண்ணாடிக் குழாய்களில் நேற்றுவரை பால் சேர்க்காத கட்டன் டீ நிறத்தில் இருந்த கடல்நீர் வெளிறிப்போயிருக்கிறது. செத்த பாசி நூல்நூலாகத் திரிந்து, காற்றுக் குமிழிகளோடு ஏறி, மேலே அழுக்கு நுரையாக ஒட்டுகிறது. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கென்று மாத்திரையில் அடைக்கிற எண்ணெய் இதிலிருந்துதான் வருகிறது. குளிர் குறைந்தால் தாங்காத பாசி. மூத்தவளின் கண் குழாய்களில் இல்லை. சுவரில், குளிரூட்டியின் திருகில் இருக்கிறது. கூட வேலை பார்க்கும் ஓரகத்திக்கு, இளையவளுக்கு, ஏழாம் மாதம். நேற்று மதியம் அவள் பல் கிட்டித்து நடுங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல் மூத்தவள்தான் குளிரைக் குறைத்தாள். போகும்போது பழையபடி வைக்க மறந்துபோனாள். இப்போது மேற்பார்வையாளர், வந்த வேகத்தில் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்.

"குழாயைக் கழுவச் சொன்னா கையைக் கழுவிட்டுப் போயிடறது. அழுக்கு உள்ள போயிருக்கு. யாரு கழுவினது?"

"நான்தான் சார். நல்லாத்தான் கழுவினேன்," என்கிறாள் இளையவள். ஒரு கை வயிற்றின்மேல் இருக்கிறது.

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்மா."

"அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா."

மூத்தவள் வாயைத் திறக்கிறாள். சொன்னால் போவது தன் வேலை. வாயை மூடிக்கொள்கிறாள். முதுகில் ஒரு துளி மெல்ல இறங்குகிறது. இந்த அறையில் இதுவரை யாருக்கும் வியர்த்ததில்லை. மேற்பார்வையாளர் கழுத்தைத் துடைத்தபடி கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றுகிறார். இரண்டாவது பொத்தானில் அவர் கை அப்படியே நிற்க, கண் சுவர்ப் பக்கம் திரும்புகிறது.