எதுவும் கேட்காத வீட்டுக்காரர்

சேலத்தில் ஜாதி பார்க்காத ஒரே மனிதன் தான்தான் என்பதில் நவநீதகிருஷ்ணனுக்குச் சந்தேகமே கிடையாது. வாடகை வீடு தேடி அலைந்ததில் அது உறுதியும் ஆயிற்று.

"போற ஊட்டுலயெல்லாம் குலதெய்வம் எந்த ஊருன்னு கேக்கறானுங்க, தனா. ஜாதியத் தெரிஞ்சுக்கறானுங்களாம்! காட்டுமிராண்டிப் பசங்க."

"மெல்லப் பேசுங்க. நாளைக்கு இருக்கற ஊட்டக் காலி பண்ணோணும்," என்றாள் மனைவி தனப்பிரியா.

கடைசியாகப் பார்த்த வீட்டின் சொந்தக்காரர் கந்தப்பன், சிரித்தபடி சாவியை நீட்டினார். "பால் காய்ச்சிக்கங்க, சாமி."

"எங்களப் பத்தி எதுவுமே கேக்கலீங்களே?" என்றான் நவநீதகிருஷ்ணன்.

"மனுசன மனுசன் என்னத்தக் கேக்கறது?"

தனப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நவநீதகிருஷ்ணனின் கை மட்டும் சாவிக்குப் பாதி வழியில் நின்றது. எதுவுமே கேட்காமல் கொடுக்கிறார் என்றால், இவர் யாராக இருக்கும்?

குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஏனுங்க, உங்க குலதெய்வம் எந்த ஊருங்க?"